பழி ஓரிடம், வெப்பம் ஓரிடம்

பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைத்தொடரில், 4,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில், பால்காகோச்சா என்றொரு ஏரி இருக்கிறது. மேலே பனியாறு, கீழே உவாராஸ் நகரம், நடுவில் இந்த ஏரி. 1941 டிசம்பரில் கரை உடைந்து நகரத்தின் ஒரு பகுதியையே வாரிக்கொண்டு போனது. குறைந்தது 1,800 பேர் மாண்டார்கள். அதன்பின் ஏரி வற்றிச் சிறுத்துக் கிடந்தது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் பனியாறு உருகி உருகி, அது மறுபடி பல மடங்கு பெருத்துவிட்டது. இப்போது தண்ணீரை உறிஞ்சி வெளியே விட நீண்ட குழாய்கள் போட்டிருக்கிறார்கள். இரவும் பகலும் முறைவைத்து ஏரியைக் காவல் காக்கிறார்கள்.

அந்த ஊர் விவசாயி ஒருவர் 2015-இல் ஜெர்மனிக்குப் போய் வழக்குப் போட்டார். எதிராளி ஆர்.டபிள்யூ.இ. என்ற மின் நிறுவனம். பெருவில் எந்தத் தொழிலும் நடத்தாத நிறுவனம். ஆனால் தொழிற்புரட்சி தொடங்கிய நாள் முதல் உலகம் வெளியேற்றிய, பூமியைச் சூடாக்கும் தொழில்துறைப் பசுங்குடில் வாயுக்களில் அதன் பங்கு 0.47 விழுக்காடு என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருந்தது. விவசாயி கேட்டது அவ்வளவுதான்: வெள்ளத்தைத் தடுக்கும் பணிக்கு ஆகும் செலவில் 0.47 விழுக்காட்டைக் கொடுங்கள். சுமார் 17,000 யூரோ. வழக்கறிஞர்களின் பயணச் செலவுக்கே காணாத தொகை.

முதல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஹாம் நகர உயர் நீதிமன்றம் 2017-இல் வழக்கை ஏற்றது. 2022-இல் ஜெர்மன் நீதிபதிகள் மலையேறிப் போய் ஏரியை நேரில் பார்த்தார்கள். 2025 மே மாதம் தீர்ப்பு வந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் அவர் வீட்டுக்கு வெள்ளம் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான், அது போதாது என்று சொல்லி வழக்கைத் தள்ளினார்கள். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார்கள்: பெருமளவில் புகை வெளியேற்றும் நிறுவனம், எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், அதனால் விளையும் ஆபத்துக்குச் சட்டப்படி பொறுப்பாக முடியும். விவசாயி தோற்றார். அவர் போட்ட கணக்கு தோற்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது. காலநிலை மாற்றத்தில் அறிவியல் சண்டை எப்போதோ ஓய்ந்துவிட்டது. சண்டையெல்லாம் இப்போது கணக்குப் புத்தகத்தில்தான்: புகையை யார் பெயரில் எழுதுவது, எந்த ஆண்டிலிருந்து எழுதுவது, எதை எதோடு சேர்த்து எழுதுவது. எழுதும் முறையை மாற்றினால் குற்றவாளியே மாறிவிடுவார்.

முதலில் பழைய பாக்கி. சமையலறைப் புகை சன்னலைத் திறந்தால் போய்விடும். கரியமில வாயு அப்படிப் போவதில்லை. இன்று வெளியேறுவதில் ஒரு பகுதியைக் கடலும் காடும் வாங்கிக்கொள்ளும். மிச்சம் நூற்றாண்டுக் கணக்கில் காற்றிலேயே தங்கும், அதிலும் ஒரு பங்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு. ஆகவே இதை மாதாந்தரச் செலவுபோல் பார்ப்பது தவறு. தாத்தா வாங்கிய கடனைப்போல் இது அசலும் பாக்கியுமாக நிற்பது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. 1958-இல் ஹவாயின் மௌனா லோவா மலைமீது சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி அளக்கத் தொடங்கியபோது ஏறத்தாழ 315. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

"அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்?" என்று ஒரு சமாதானம் உண்டு. பாதி உண்மை. 1856-இல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண் இரண்டு கண்ணாடிக் குழல்களுக்குள் வெப்பமானிகளை வைத்து வெயிலில் நிறுத்தினார். கரியமில வாயு அடைத்த குழல் மற்றதைவிட அதிகமாகச் சூடேறியது. ஆறுவதற்கும் வெகுநேரம் பிடித்தது. இந்த வாயு மிகுந்தால் பூமியும் சூடாக இருக்கும் என்று எழுதினார். அந்தக் கட்டுரையை அறிவியல் மாநாட்டில் வாசித்தவர் ஓர் ஆண். ஃபூட்டின் பெயர் ஒன்றரை நூற்றாண்டு மறந்தே கிடந்தது. அநீதியின் கதை அங்கேயே தொடங்கிவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. அது வேறு கதை, போகட்டும். சமாதானத்தின் மறுபாதிக்கு வருவோம். நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஆகியவற்றை எரித்து மனிதர்கள் இதுவரை வெளியேற்றிய கரியமில வாயுவில் ஏறத்தாழ பாதி, 1990-க்குப் பிறகு வெளியேற்றியது. அதாவது எல்லாம் தெரிந்த பிறகு. எக்சான் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானி ஒருவர் 1977-லேயே மேலாளர்களிடம் இந்த ஆபத்தை விளக்கியிருக்கிறார். அந்த நிறுவனத்தின் உள்ளறிக்கைகளில் இருந்த வெப்ப மதிப்பீடுகள் பெரும்பாலும் சரியாகவே பலித்தன என்பதை 2023-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வெளியே அவர்கள் பேசியது வேறு.

பழைய பாக்கியை நாடுவாரியாகப் பிரித்தால் அமெரிக்காவின் பங்கு ஏறத்தாழ கால்பங்கு. ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். உலக மக்களில் ஆறில் ஒருவர் வாழும் இந்தியாவின் பங்கு சுமார் மூன்று விழுக்காடு. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கொண்ட ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதும் அதே அளவுதான். ஆண்டுக் கணக்கு என்றால் படம் தலைகீழ்: சீனா முதலிடம், இந்தியா மூன்றாவது இடம். ஒரே புகைதான். தாளை எந்தப் பக்கம் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து முகம் மாறுகிறது.

இந்தக் கணக்கு விளையாட்டை முதலில் உரக்கச் சொன்னவர்களில் அனில் அகர்வால், சுனிதா நாராயண் இருவரும் முக்கியமானவர்கள். 1990-இல் வாஷிங்டனிலிருந்து ஓர் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் இந்தியா, சீனா, பிரேசில் மூன்றும் பெரும் மாசாளர்களின் முதல் வரிசையில் இருந்தன. டெல்லியில் அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தை நடத்திவந்த இவர்கள் இருவரும் மறு ஆண்டே அதைப் பிரித்துப்போட்டார்கள். வயலிலும் மாட்டுத் தொழுவத்திலும் உண்டாகும் மீத்தேனையும், பணக்கார நாட்டு நெடுஞ்சாலைகளில் ஓடும் கார்களின் புகையையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே என்று கேட்டார்கள். ஒன்று உயிர் பிழைக்க, மற்றது வசதிக்கு. அதோடு நிற்கவில்லை. கடலும் காடும் இயற்கையாக வாங்கிக்கொள்ளும் அளவு எல்லா மனிதர்களுக்கும் பொதுச்சொத்து; அதை நாடுவாரியாகப் பங்கிடாமல் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டுப் பாருங்கள், யார் வரம்பு மீறினார்கள் என்று தெரியும் என்றார்கள்.

1992-இல் ரியோ மாநாட்டில் கையெழுத்தான ஐ.நா. உடன்படிக்கையில் "பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்" என்ற சொற்றொடர் இடம்பிடித்ததற்குப் பின்னால் இத்தகைய வாதங்களின் அழுத்தம் இருந்தது. பிறகு நடந்த ஒவ்வொரு காலநிலை மாநாட்டிலும் பாதி நேரம் அந்தச் சொற்றொடரில் "பொதுவான" பெரியதா, "வேறுபட்ட" பெரியதா என்ற இழுபறியில்தான் போயிருக்கிறது.

தலைக்கணக்கு போட்டால் ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு. உலகச் சராசரி ஐந்து டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஓர் இந்தியர் இரண்டு டன்னை ஒட்டி. சகாராவுக்குத் தெற்கே பல நாடுகளில் அரை டன்கூட இல்லை. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் சராசரி என்பது ஒளிந்துகொள்ள நல்ல இடம். ஏழை நாட்டின் செல்வந்தர் கோடிக்கணக்கான ஏழைகளின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "எங்கள் நாட்டில் தலைக்கு இரண்டு டன்தான்" என்று சொல்வதை நான் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். அவருடைய இரண்டு டன் ஒரே ஒரு வெளிநாட்டுப் பயணத்தில் தீர்ந்துவிடும். ஆக்ஸ்ஃபாம் அமைப்பின் கணக்குப்படி 2019-இல் உலகின் மேல்தட்டு ஒரு விழுக்காட்டினர், அதாவது எட்டுக் கோடிக்கும் குறைவானவர்கள், வெளியேற்றியது மொத்தத்தில் 16 விழுக்காடு. கீழே இருக்கும் 500 கோடிப் பேரின் புகைக்கு அது சமம். விமானத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தாலும் இதே கோணல்தான்: 2018-இல் உலக மக்களில் ஒன்பதில் ஒருவர்தான் விமானமே ஏறினார், பயணிகள் விமானங்களின் புகையில் பாதி, ஒரு விழுக்காட்டு மக்களால் உண்டானது.

இவ்வளவு கோணலான உலகத்தில், "உன் புகையை நீயே அளந்து பார்" என்று எல்லாரிடமும் ஒரே படிவத்தை நீட்டினார்கள். ஒருவர் வெளியேற்றும் கரியமில வாயுவின் அளவைக் குறிக்கும் "கார்பன் தடம்" என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்ததில் பெரும்பங்கு பி.பி. என்ற எண்ணெய் நிறுவனத்தின் விளம்பரத்துக்கு உண்டு. 2004-இல் அது தனிநபர் தடத்தைக் கணக்கிடும் பக்கத்தை இணையத்தில் வெளியிட்டது. எண்ணெய் விற்பவரே வாங்குபவரிடம் "உங்கள் தடம் எவ்வளவு?" என்று கேட்ட அந்தச் சாமர்த்தியத்தை, எரிச்சலோடுதான் என்றாலும், மெச்சத்தான் வேண்டும்.

நானும் ஒருமுறை இப்படியொரு படிவத்தை நிரப்பிப் பார்த்தேன். ஆண்டுக்கு எத்தனை முறை விமானம் ஏறுகிறீர்கள், வீட்டில் எத்தனை அறைகள், இறைச்சி தினமுமா எப்போதாவதா என்று வரிசையாகக் கேட்டது. வீடு சொந்தமா வாடகையா என்று கேட்கவில்லை. வாசலிலிருந்து நடக்கும் தூரத்தில் பஸ் நிறுத்தம் உண்டா, வந்தால் ஏற இடம் உண்டா என்று கேட்கவில்லை. வேலைக்குப் போகும் நேரத்தை முடிவு செய்வது நானா முதலாளியா என்று கேட்கவில்லை. கடைசியில் ஒரு எண்ணையும், குளிக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்லி ஓர் அறிவுரையையும் கொடுத்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஓர் அவசர முடிவு உண்டு. 1988-க்குப் பிந்தைய தொழில்துறைப் பசுங்குடில் வாயுக்களில் 71 விழுக்காடு வெறும் நூறு நிறுவனங்களுக்கு உரியது என்று 2017-இல் வெளிவந்த அறிக்கையை எடுத்துக்காட்டி, "எல்லாம் அந்த நூறு பேர் செய்தது, நாம் ஏன் மாறவேண்டும்?" என்று கையைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அந்த 71 விழுக்காட்டில் மிகப் பெரும்பகுதி, அந்த நிறுவனங்கள் விற்ற எரிபொருளை நாம் எல்லாரும் எரித்ததால் வந்தது. அதைத் தோண்டி எடுத்து விற்றவர் பெயரில் எழுதுவதும் ஒரு கணக்குமுறை, அவ்வளவுதான். நூறு நிறுவனங்களில் பல, அரசுகளுக்கே சொந்தமானவை என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் யார் பெயரில்தான் எழுதுவது? என் பார்வையில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: வேறு வழி யாருக்கு இருந்தது? வேறு வழி இருந்தும் எரித்தவர் ஒருவர். வேறு வழியே இல்லாமல் எரித்தவர் இன்னொருவர். வேறு வழி வராமல் அடைத்தவர் மூன்றாமவர். மூவரையும் ஒரே பத்தியில் எழுதுவதுதான் இந்த விவகாரத்தின் மூல அநீதி.

வேறு வழியை அடைப்பது என்றால் என்ன என்பதற்கு ஒரு பழைய பல்பு போதும். 1924 டிசம்பரில் ஜெனீவாவில் உலகின் பெரிய மின்விளக்கு நிறுவனங்கள் கூடி ஃபீபஸ் என்ற பெயரில் ஒரு கூட்டணி அமைத்தன. சந்தையைப் பங்கு பிரித்ததோடு, பல்பின் ஆயுள் 1,000 மணிநேரத்துக்கு மேல் போகக்கூடாது என்றும் முடிவு செய்தன. அதுவரை 1,500, 2,000 மணிநேரம் எரிந்த பல்புகள் இருந்தன. உறுப்பு நிறுவனங்கள் மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பவேண்டும். யாருடைய பல்பு அதிக நேரம் எரிகிறதோ அவருக்கு அபராதம். நன்றாகச் செய்ததற்கு அபராதம்! உலகப் போர் வந்து கூட்டணியைக் கலைத்தது. பொருளின் ஆயுளைத் திட்டமிட்டுக் குறைக்கும் வழக்கம் கலையவில்லை. பேட்டரியைக் கழற்ற முடியாமல் ஒட்டிய கைபேசியும், உதிரிப்பாகம் கிடைக்காத சலவை இயந்திரமும் அந்த வம்சம்தான். பழுதுபார்க்கத் தகுந்த பொருளா என்பதற்கு மதிப்பெண் போட்டுப் பொருளின்மீதே ஒட்டவேண்டும் என்று பிரான்ஸ் 2021-இல் சில மின்னணுப் பொருட்களுக்கு விதித்தது; பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கும் ஆணையை ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றியது. சிக்கனமாக வாழுங்கள் என்று ஆயிரம் பேருக்குப் போதிப்பதைவிட இப்படி ஒரு சட்டம் அதிகம் சாதிக்கும் என்பது என் கட்சி.

வேறு வழியில்லாதவர்களைப் பற்றி நிறையத் தப்பபிப்பிராயம் உண்டு. ஏழைகள்தான் இயற்கையோடு இயைந்து வாழ்கிறார்கள், அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவேண்டும் என்று வசதியானவர்கள் உருகுவார்கள். உலகில் இன்னும் 200 கோடிக்கும் மேற்பட்டவர்கள் விறகிலும் சாணத்திலும் கரியிலும் மண்ணெண்ணெயிலும் சமைக்கிறார்கள். வீட்டுக்குள் சூழும் அந்தப் புகையால் 2020-இல் சுமார் 32 லட்சம் பேர் செத்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அடுப்படியில் நிற்கும் பெண்களும் இடுப்பில் இருக்கும் குழந்தைகளும் அதில் அதிகம். அதற்குச் சிக்கனம் என்று பெயர் சூட்டுவது கொடுமை. இவர்கள் எல்லாருக்கும் மின்சாரமும் நல்ல அடுப்பும் கொடுத்தால் பூமி தாங்குமா என்று கேட்பவர்களுக்கு ஆராய்ச்சியாளர்களிடம் பதில் இருக்கிறது. வீடு, குளிர்ச்சி, சமையல், கல்வி, மருத்துவம், போக்குவரத்து என ஒரு மனிதர் கண்ணியமாக வாழத் தேவையான ஆற்றலைக் கூட்டிப் பார்த்த 2020-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, திறன்மிக்க கருவிகளும் நியாயமான பங்கீடும் இருந்தால் 2050-இல் உலகம் முழுமைக்கும் 1960-களில் செலவான அளவு ஆற்றலே போதும் என்று கண்டது. அப்போது இருந்ததைவிட மூன்று மடங்கு மக்கள் இருந்தாலும். பூமிக்குப் பாரமாக இருப்பது அடிப்படைத் தேவை அல்ல என்பது அந்தக் கூட்டலில் தெரிகிறது. பங்கீடு நடக்குமா என்பது ஆற்றல் கணக்கு அல்ல, அரசியல் கணக்கு.

வெப்பம் எங்கே இறங்குகிறது என்பதிலும் இதே கதைதான். 1995 ஜூலையில் சிகாகோ நகரத்தில் வெப்ப அலை வீசியது; ஒரு நாள் 41 டிகிரி. ஒரே வாரத்தில் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். பிணவறையில் இடமில்லாமல் குளிரூட்டிய லாரிகளை வாசலில் நிறுத்தினார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், தனியாக வாழ்ந்தவர்கள், ஏழைகள்.

சமூகவியலாளர் எரிக் கிளினென்பர்க் இந்தச் சாவுகளைத் தெருத்தெருவாகப் பார்த்தார். நார்த் லான்டேல், சவுத் லான்டேல் என்று அடுத்தடுத்து இரண்டு பகுதிகள். இரண்டிலும் வறுமை, இரண்டிலும் தனியாக வாழும் முதியவர்கள், இரண்டின்மீதும் ஒரே வெயில். வடக்கே லட்சம் பேருக்கு 40 பேர் இறந்தார்கள். தெற்கே 4 பேர். வடக்குப் பகுதி கறுப்பின மக்கள் வாழ்ந்த இடம். ஆலைகள் மூடி, கடைகள் போய், காலிமனைகளும் இடிந்த வீடுகளுமாகக் கிடந்தது. திருட்டுக்குப் பயந்து கிழவர்கள் சன்னலைக்கூட ஆணியடித்து மூடிவைத்திருந்தார்கள். வெளியே வந்தாலும் போய் உட்கார ஒரு இடமில்லை. தெற்கே தெரு முழுக்கக் கடைகள், ஆள் நடமாட்டம். ஒரு கிழவி வெயில் தாளாமல் வெளியே வந்தால் குளிரூட்டிய கடை ஒன்றில் அரைமணி நேரம் நிற்கலாம்; இரண்டு நாள் காணாவிட்டால் யாராவது கதவைத் தட்டுவார்கள். உயிரைக் காத்தது அந்தத் தெருதான். வடக்குத் தெரு அப்படி ஆனது வானிலையால் அல்ல. 1930-களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்து, அங்கே வீட்டுக்கடன் கொடுக்கத் தகாது என்று ஒதுக்கினார்கள். அமெரிக்காவின் 108 நகர்ப்பகுதிகளை ஆராய்ந்த 2020-ஆம் ஆண்டு ஆய்வு, அன்று சிவப்புக் கோடு போட்ட இடங்கள் இன்று மற்ற இடங்களைவிடச் சராசரியாக 2.6 டிகிரி அதிகம் கொதிப்பதைக் கண்டது. மரம் இல்லை, பூங்கா இல்லை, தார்ச்சாலையும் காங்கிரீட்டும் மட்டும். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு குமாஸ்தா பென்சிலால் போட்ட கோடு இன்றைக்கு வெப்பமானியில் தெரிகிறது.

சரி, இனிமேலாவது நியாயமாகச் செய்யலாமே என்றால், பசுமைத் திட்டங்களிலும் பழைய புத்தி எட்டிப்பார்க்கிறது.

பிரான்ஸில் 2018-இல் டீசல், பெட்ரோல்மீது கார்பன் வரியை ஏற்றினார்கள். அடுத்த ஜனவரியில் இன்னும் ஏற்றுவதாக இருந்தது. நகரத்துக்குள் வாழ வசதியில்லாமல் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி வாழ்ந்து, ரயிலும் பஸ்ஸும் இல்லாத ஊரிலிருந்து காரில் வேலைக்குப் போகிறவர்கள்மேல் அது நேராக விழுந்தது. அதே ஆண்டில்தான் பெரும் பணக்காரர்களின் சொத்து வரியை அரசு சுருக்கியிருந்தது. அரசாங்கங்கள் 1944 முதல் போட்டுக்கொண்ட விமானப் போக்குவரத்து ஒப்பந்தங்களின் புண்ணியத்தில், சர்வதேச விமானங்களின் எரிபொருளுக்கு இன்றுவரை பெரும்பாலும் வரியே இல்லை. வேலைக்குப் போகிறவர் டீசலுக்கு வரி, விடுமுறைக்குப் பறப்பவர் எரிபொருளுக்கு விலக்கு. நவம்பரில் மஞ்சள் அங்கி அணிந்த போராட்டக்காரர்கள் சாலைச் சந்திப்புகளை மறித்தார்கள். டிசம்பரில் வரி உயர்வு கைவிடப்பட்டது. "மக்களுக்குச் சுற்றுச்சூழலைப் பற்றி அக்கறையில்லை" என்று அதற்கு விளக்கம் எழுதினார்கள். அந்த மக்களின் கோரிக்கைகளில் விமான எரிபொருளுக்கு வரி போடு என்பதும் இருந்தது.

வரியே கூடாது என்பதற்கு இது சான்றாகாது. சுவிட்சர்லாந்தில் வீடுகளைச் சூடாக்கும் எரிபொருள்மீது 2008 முதல் கார்பன் வரி இருக்கிறது. அதில் வசூலாவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். தனிமனிதர்களுக்கு உரியது, குழந்தை, பெரியவர், ஏழை, பணக்காரர் எல்லாருக்கும் சமமாக, மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தில் கழிந்துவிடுகிறது. பெரிய வீட்டைச் சூடாக்குகிறவர் அதிகம் கட்டுகிறார். சின்ன வீட்டுக்காரர் கட்டியதைவிட அதிகம் திரும்பப் பெறுகிறார். வரி அதே வரிதான்.

தொழிலாளர் விஷயத்திலும் இரண்டு மாதிரிகள் கண்முன் இருக்கின்றன. பிரிட்டனில் 1984-85 வேலைநிறுத்தத்தை முறியடித்துவிட்டு நிலக்கரிச் சுரங்கங்களை மளமளவென்று மூடினார்கள். சுரங்கத்தை நம்பிய ஊர்களுக்கு மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை. அது காலநிலைக்காகச் செய்ததும் அல்ல. அந்த ஊர்களில் பல இன்றும் நிமிரவில்லை. ஜெர்மனியில் 2007-இல் நிறுவனமும் தொழிற்சங்கமும் அரசும் உட்கார்ந்து பேசி, 2018-க்குள் ஆழ்சுரங்கங்களை மூடுவது, அதுவரை யாரையும் கட்டாயமாக வேலையிலிருந்து நீக்குவதில்லை என்று முடிவு செய்தன. 2018 டிசம்பர் 21 அன்று போட்ரோப் நகரச் சுரங்கத்தின் கடைசித் தொழிலாளர்கள் கரிபடிந்த முகத்தோடு மேலே வந்து, கடைசி நிலக்கரிக் கட்டி ஒன்றை நாட்டின் குடியரசுத் தலைவர் கையில் கொடுத்தார்கள். அழுதார்கள், ஆனால் மறுநாள் சோற்றுக்கு என்ன செய்வது என்று அழவில்லை.

காற்றாலையும் கைதவறும். நார்வேயின் ஃபோசன் தீபகற்பத்தில் சாமி பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகக் கலைமான் மேய்த்த குளிர்கால மேய்ச்சல் நிலத்தில் 151 காற்றாலைகளை நிறுத்தினார்கள். அனுமதி செல்லாது, அது அவர்களின் பண்பாட்டு உரிமையை மீறுகிறது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. காற்றாலைகள் சுற்றுவதை நிறுத்தவில்லை. 500 நாட்கள் கழித்து இளைஞர்கள் அமைச்சக வாசலை மறித்தார்கள். பின்னர் இழப்பீடும் மாற்று நிலமும் பேசி உடன்பாடு வந்தது. இறக்கைகள் இன்றும் சுற்றுகின்றன. மின்கார் பேட்டரிக்கு வேண்டிய கோபால்ட்டில் பெரும்பங்கைத் தரும் காங்கோவில், கையால் தோண்டும் குழிகளில் குழந்தைகள் இறங்குவதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். எண்ணெயே மேல் என்று சொல்ல இதை ஆதாரமாக்குவோர் உண்டு. எண்ணெய் வயல்களின் வரலாறு தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

கடைசியில் பணம். 2019 மார்ச்சில் இடாய் புயல் மொசாம்பிக்கின் பெய்ரா நகரத்தைச் சிதைத்தது. உலகப் புகையில் அந்த நாட்டின் பங்கு கடலில் கரைத்த பெருங்காயம். மறுமாதம் அதற்குக் கிடைத்த உதவிகளில் ஒன்று, சர்வதேச நாணய நிதியத்திடமிருந்து 11 கோடியே 80 லட்சம் டாலர் கடன். சலுகைக் கடன்தான், ஆனாலும் கடன். பிறர் கொளுத்திய தீயில் எரிந்த வீட்டைக் கட்ட, எரிந்த வீட்டுக்காரரே கடன்பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். 2022-இல் பாகிஸ்தானை மூழ்கடித்த வெள்ளத்தில் 3 கோடியே 30 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள், 1,700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சேதமும் இழப்பும் சேர்ந்து 3,000 கோடி டாலர். அதே ஆண்டு நவம்பரில் எகிப்தில் நடந்த மாநாட்டில் இழப்புக்கும் சேதத்துக்குமான நிதியம் ஒன்றை அமைக்க உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. மறு ஆண்டு துபாயில் அது தொடங்கியபோது எல்லாரும் சேர்ந்து வாக்களித்தது சுமார் 70 கோடி டாலர். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

இந்த நிதியம் 2022-இல் பிறந்த புதுயோசனை என்று நினைக்கவேண்டாம். பசிபிக் பெருங்கடலில் வனுவாட்டு என்ற சின்னத் தீவு நாடு இருக்கிறது. தென் பசிபிக் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் 2019-இல் தொடங்கிய முயற்சியைக் கையிலெடுத்து, ஐ.நா. பொதுச்சபையை இணங்கவைத்து, காலநிலை விஷயத்தில் நாடுகளின் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்தின் வாயால் 2025 ஜூலையில் சொல்லவைத்த நாடு அது. கடமையை மீறும் நாடு அதற்கு ஈடுசெய்ய நேரலாம் என்றும் அந்த நீதிமன்றம் சொன்னது. அதே வனுவாட்டு, 1991-இல், ரியோ உடன்படிக்கை இன்னும் வரைவாக இருந்தபோதே, சிறு தீவு நாடுகளின் சார்பில் ஒரு திட்டத்தை முன்வைத்தது. கடல் ஏறி நிலத்தை விழுங்கினால் ஈடு கொடுக்க உலகக் காப்பீட்டு நிதி ஒன்று வேண்டும். சந்தாவைப் பணக்கார நாடுகள் கட்டவேண்டும். யார் எவ்வளவு? பாதியை அவரவர் நாட்டு வருமானத்தின் விகிதத்தில், மறுபாதியை அவரவர் வெளியேற்றும் கரியமில வாயுவின் விகிதத்தில். ஏரிக்கரை விவசாயி 0.47 என்ற எண்ணோடு நீதிமன்றம் ஏறுவதற்கு இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்பே அதே கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பேரம் பேசிப் பேசிக் கழுதை தேய்ந்து கட்டெறும்பானது. 1992-இல் கையெழுத்தான உடன்படிக்கையில், நான்காவது பிரிவின் எட்டாவது உட்பிரிவில், பட்டியலோடு பட்டியலாக "காப்பீடு" என்ற ஒற்றைச் சொல் மட்டும் மிஞ்சியது.